திறவாத கதவமும் பணிந்த வேந்தரும்

(நாரணாபுரம் திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



நாரணன் திருநாமத்தைத் தன் பெயரிலே தாங்கி நிற்பது நாரணாபுரம். கரிசல் மண்ணும் கந்தக மணமும் கலந்த ஊர் இது. வானம் பொய்த்த ஆண்டிலும் கை சோராது உழைக்கும் மக்கள் வாழும் ஊர். அம்மக்கள் நல்கிய பொருளால் திருப்பணி நிறைவுற்றது. வேத ஒலியும் தமிழ்மறை முழக்கமும் ஒருங்கே எழ, கலசத்தின்மேல் புனித நீர் பொழிந்தது. யாகசாலையின் புகை அடங்கி, வந்தவர் பசியாறிய பின், மாலை வேளையில் பழங்கதை பேசுவது இந்நாட்டு வழக்கம். இன்று பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள், பாரத நாட்டுப் பழைய நகரங்களும் அவற்றை ஆண்ட வேந்தரும்.

நகரங்கள் எத்தனையோ இருந்தன. சிந்து நதியின் கரையிலே மொகஞ்சதாரோ இருந்தது. ராவி நதியின் பழைய கரையிலே ஹரப்பா இருந்தது. 1920-களில் அவற்றை அகழ்ந்தபோது நேரிய வீதிகளும், செங்கல்லால் கட்டிய சாக்கடைகளும், இறங்கி நீராடும் பெருங்குளமும் வெளிப்பட்டன. ஆயினும் அந்நகரங்களை ஆண்டவருள் ஒருவர் பெயரேனும் இன்றளவும் தெரியவில்லை. முத்திரைகளிலே பொறித்த எழுத்து இன்னும் வாய் திறக்கவில்லை. கங்கைக் கரையிலே பாடலிபுத்திரம் இருந்தது. அதன் மரக்கோட்டைக்கு 64 வாயில்களும் 570 காவற்கோபுரங்களும் இருந்தன என்று கிரேக்கத் தூதராகிய மெகஸ்தனிஸ் எழுதிவைத்தார். அந்நகரத்தில் அமர்ந்து ஆண்ட அசோகன், தன் எல்லைக்கு அப்பால் தெற்கே வாழ்ந்த சோழரையும் பாண்டியரையும் தன் கல்வெட்டுகளிலே குறித்தான். குறித்தவன் மாளிகையில் இன்று எஞ்சியிருப்பது என்ன? சேற்றில் புதைந்த சில மரக்கட்டைகளும், கல்தூண் ஒன்றும், உடைந்த துண்டுகளுமே.

வடநாடு அவ்வளவு தொலைவு, தென்னாட்டைப் பார்ப்போம். முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகம் கொற்கை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல் அதனைக் குறிக்கின்றது. தாலமி என்னும் புவியியல் அறிஞனும் அதனை அறிந்திருந்தான். இன்று கடல் சில கல் தொலைவு விலகிவிட்டது. கொற்கையிலே குளமும் வயலும் பனையுமே உள்ளன. கங்கை வரை படை செலுத்திய இராசேந்திர சோழன் கட்டிய மாளிகை நின்ற இடம் மாளிகைமேடு எனப்படுகிறது. மேடு இருக்கிறது; மாளிகை இல்லை. சங்கப் புலவரை அரவணைத்த பாண்டியரின் மதுரை அரண்மனை எந்தத் தெருவில் இருந்தது என்று சுட்டிக் காட்டுவார் எவரும் இலர்.

கோயில்கள் மட்டும் நிற்கின்றன. கல்லால் கட்டியதனால் நின்றன என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. கோபுரத்தின் இடுக்கிலே ஒரு பறவை இட்ட அரசம் விதை போதும். பத்து ஆண்டுகள் கவனியாது விட்டால் அதன் வேர் கற்களைப் பிளந்துவிடும். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்சுவர் கல்தான். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் அணை கட்டியபோது அந்தக் கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். தட்டிக் கேட்க ஆள் இல்லாத கோயிலில் கல்லும் நிலைப்பதில்லை. நின்ற கோயில்களுக்கெல்லாம் பின்னால், செடியைப் பிடுங்கிய ஒரு கையும், விளக்குக்கு நெய் கொணர்ந்த ஒரு கையும் தலைமுறை தவறாது இருந்திருக்கின்றன.

இனி இந்த மண்ணுக்கே வருவோம். சிவகாசியிலிருந்து தெற்கே சென்றால் வெம்பக்கோட்டை. அதனை அடுத்த விசயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில் ஒரு மேடு உண்டு. ஆடு மேய்ப்பவரும் உழவரும் ஓட்டுச் சில்லுகளை மிதித்துக்கொண்டே நடந்த மேடு அது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது; அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பணி தொடர்ந்தது. கிடைத்தவை யாவை? சங்கை அறுத்துச் செய்த வளையல்கள், அறுத்தபின் எஞ்சிய சங்குத் துண்டுகள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், நூல் நூற்கும் தக்களிகள், சுடுமண் பாவைகள், தந்தத்தால் ஆன பகடை, சிறு பொன் அணிகள். வளையல் அணிந்தவள் ஒருத்தியாயின், அதனை அறுத்தவர் பலர். அங்கே பட்டறை இருந்தது. கடற்கரையிலிருந்து சங்கு வைப்பாற்று வழியே மேலேறி வந்தது. வளையலாக மாறி ஊர் ஊராகச் சென்றது. சிவகாசி வட்டாரத்தில் கைத்தொழில் 1923-இல் தீப்பெட்டியோடு தொடங்கியதாகவே பலர் எண்ணுகின்றனர். கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்று மீண்ட இரு இளைஞரின் முயற்சி போற்றத்தக்கதே. ஆனால் இந்த மண்ணில் விரல்கள் நுண்தொழில் பழகிய காலம் அதனினும் நெடிது.

மொகஞ்சதாரோவைப் போலவே இந்த மேட்டிலும் அரசன் பெயர் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் உழைத்தவர் கைவேலை. வரலாறு எழுதுவோர் முடியை முதலில் வைத்து எழுதுகின்றனர். மண்ணோ முடியைக் கரைத்துவிட்டு வளையலைக் காத்து வைத்திருக்கிறது. கொற்கை முத்தின் பெருமையைப் பாடாத பாவலர் இல்லை. அம்முத்தைக் குளித்து எடுத்தவர் தண்டனை பெற்ற கைதிகள் என்று அந்தக் கிரேக்க மாலுமி ஒரு வரி எழுதிவைத்தான். அயலான் கண்ணில் பட்டது அது. பாண்டியரின் பெருமையைப் பேசும்போது அந்த வரியையும் மறைக்காது பேசுவதே நேர்மை.

சிவகாசிக்கு வடபால், தோள் உரசி நிற்பது திருத்தங்கல். நின்ற நாராயணப் பெருமாள் எழுந்தருளிய தலம். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருப்பதி. 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. நாரணாபுரத்தாருக்கு அப்பெருமான் அண்டை வீட்டுத் தலைவர் போன்றவர். ஆழ்வார்களுக்கும் முன்னரே அவ்வூர் தங்கால் என்ற பெயரால் தமிழ் உலகில் புகழ் பெற்றிருந்தது. அவ்வூர்ப் புலவருள் ஒருவர் வெண்ணாகனார், தொழிலால் பொற்கொல்லர். நற்றிணையிலே அவர் பாட்டு இருக்கிறது. பகலெல்லாம் உலைக்களத்தில் பொன்னை உருக்கியவர் மாலையில் சொல்லை உருக்கினார் போலும். தங்கால் முடக்கொல்லனார் என்றும் ஒரு புலவர் உண்டு. ஒரு நாட்டின் பண்பாட்டை அளக்க அரண்மனையின் உயரத்தை அளப்பானேன்? பட்டறையில் வேலை செய்தவன் பாட்டு, அரசன் பாட்டோடு ஒரே தொகை நூலில் வைத்துக் காக்கப்பட்டது என்பதை அளந்தால் போதும்.

இந்தத் தங்காலைப் பற்றிய கதை ஒன்று சிலப்பதிகாரத்தில் உண்டு. மதுரை எரிந்தபின், கண்ணகியின் சினம் தணிக்க வந்த மதுராபதித் தெய்வம், பாண்டியர் நீதி தவறாதவர் என்பதற்குச் சான்றாக இக்கதையைச் சொல்லுகின்றது. கோவலன் கதையை அறியாதார் இலர். ஆனால் பக்கத்து ஊராகிய தங்காலின் கதையை இங்குள்ளாரே பலர் கேட்டிருக்க மாட்டார். ஆதலின் சற்று விரித்துச் சொல்லுவது பொருந்தும்.

சோழ நாட்டில் பராசரன் என்னும் அந்தணன் ஒருவன் இருந்தான். சேர மன்னனின் கொடையைக் கேள்வியுற்று, காடும் மலையும் கடந்து சேர நாடு சென்றான். அங்கே வாதில் வென்றான். பொன்னும் மணியும் பரிசாகப் பெற்றான். மீண்டு வரும் வழியிலே தங்கால் ஊரின் மன்றத்தில், அரச மரத்தடியில், மூட்டையை இறக்கிவைத்து இளைப்பாறினான். சிறுவர்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டனர். பராசரனுக்கு ஒரு விளையாட்டு எண்ணம் தோன்றியது. ‘என்னோடு பிழையின்றி மறை ஓதுபவன் இந்தப் பரிசைக் கொண்டு போகலாம்’ என்றான். வார்த்திகன் என்பவனின் மகன், பால் மணம் மாறாத சிறுவன், ஆலமர் செல்வனாகிய சிவபெருமானின் பெயரைப் பூண்டவன், முன்வந்தான். மழலை நாக் குழறினாலும் ஓசை தவறவில்லை, முறை பிறழவில்லை. மனம் மகிழ்ந்த பராசரன் முத்துப் பூணூலும், கைவளையும், தோடும் ஆகிய அணிகளை அவனுக்கு அளித்துத் தன் ஊர் சென்றான்.

ஏழை வீட்டுப் பிள்ளை பொன் பூண்டு தெருவில் நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? அரசனின் ஏவலர் கண்ணில் அது உறுத்தியது. மன்னனுக்கு உரிய புதையலை வார்த்திகன் எடுத்துக்கொண்டான் என்று குற்றம் சாட்டிச் சிறையில் இட்டனர். அவன் மனைவி கார்த்திகை அலறினாள்; அழுதாள்; நிலத்தில் விழுந்து புரண்டாள். அவள் குரல் அரண்மனை வரை எட்டவில்லை. ஆனால் வேறோரிடத்தில் எட்டியது. குற்றமற்ற சிறப்பினையுடைய ஐயை கோயிலின் கதவம், அன்று முதல் திறவாதாயிற்று.

அன்பர்களே! இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அரண்மனைக் கதவு திறந்தே இருந்தது. கருவூலக் கதவும் திறந்திருந்தது. சிறைக் கதவோ வார்த்திகனுக்காகவே திறந்தது. கோயில் கதவு மட்டும் மூடிக்கொண்டது. ஓர் ஏழைக்கு இழைத்த தீங்கினால் தெய்வம் ஊரார் அனைவருக்கும் தன் முகத்தை மறைத்துக்கொண்டது. பூசனைக்குக் குறைவு நேர்ந்து கதவு மூடியதாக இளங்கோவடிகள் கூறவில்லை. நைவேத்தியம் தவறவில்லை; விளக்கு அணையவில்லை. தவறியது நீதி ஒன்றே.

கதவம் திறவாமை கேட்டு மன்னன் நடுங்கினான். ‘எங்கே கொடுங்கோன்மை நிகழ்ந்தது? அறிந்து வந்து உரைமின்’ என்று ஏவலரை வினவினான். அவர்கள் நிகழ்ந்ததைச் சொன்னார்கள். மன்னன் தன் ஏவலர்மேல் பழியைப் போட்டுத் தப்ப முயலவில்லை. அறியாதாரின் செயலால் தன் ஆட்சி பிழைத்தது என்றும், பொறுத்தருளல் வேண்டும் என்றும் வார்த்திகனிடம் வேண்டினான். நீர்வளம் மிக்க தங்கால் ஊரையும் வயலூரையும் அவனுக்கு வழங்கினான். வழங்கியதோடு நின்றானா? முடி புனைந்த வேந்தன் மார்பு மண்ணில் படிய வீழ்ந்து வணங்கினான்.

அப்போது கதவம் திறந்தது. திறந்த ஓசை மாட மதுரையின் நீண்ட தெருக்களிலெல்லாம் கேட்டதாம். அதன் பின் மன்னன் யானைமேல் முரசேற்றி அறைவித்தான். சிறையில் உள்ளாரை விடுக. கொடுக்க இயலாதாரின் இறைப் பாக்கியை விடுக. புதையலாகக் கிடைத்த பொருளாயினும், பிறர் கொடுத்த பொருளாயினும், பெற்றவருக்கே உரியது. இது அவன் ஆணை. (இன்றைய சட்டம் வேறு. வெம்பக்கோட்டைப் பக்கம் உழும்போது பானையில் பொன் அகப்பட்டால் சிலப்பதிகாரத்தைக் காட்டி வாதாட முடியாது; அரசிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும்.)

கதைதானே என்று கூறுவார் கூறுக. ஆனால் கோயில் கதவைப் பற்றிய வழக்கு இந்த வட்டாரத்தில் கதையோடு முடியவில்லை. பொருள் தேடி, கல்வி தேடி, ஊருக்குக் கிணறும் மடமும் கட்டிய மக்களே கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கமுதிக் கோயிலில் நுழைந்தவர்மேல் தொடுத்த வழக்குக் கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் நுழைவு கேட்டவருக்கு எதிராகவே முடிந்தது. அதற்கு முன்னரே, 1899-ஆம் ஆண்டில், கோயிலுக்குள் புகும் உரிமை குறித்து எழுந்த பூசல் சிவகாசியில் பெருங்கலகமாக மூண்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. இரு பக்கத்திலும் தாய்மார் அழுதனர். எவர் பக்கம் எவ்வளவு பிழை என்று இன்று கணக்கெடுப்பதால் பயன் இல்லை. கருவறையில் வீற்றிருந்த பெருமான் அந்நாட்களில் யாருக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தான் என்பதே நெஞ்சைத் தொடும் வினா.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள், மதுரையில் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களையும் நாடார் குலத்தவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் சென்றார். உடன் சென்றவருள் ஒருவர் கக்கன். பின்னாளில் தமிழ்நாட்டு அமைச்சராக விளங்கியவர். எதிர்ப்பு இருந்தது, வழக்கு மிரட்டல் இருந்தது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் கோயில்களின் கதவை எல்லார்க்கும் பொதுவாக்கியது. மாட மதுரையின் தெருக்களில் கதவம் திறந்த ஓசை இரண்டாம் முறை கேட்டது அந்நாளிலேதான். சட்டம் திறந்த கதவுகள் பல. இன்னும் சில ஊர்களில் மனம் திறவாமல் கதவு பாதி சாத்தியே கிடக்கிறது என்பதும் மறைப்பதற்கில்லை.

மதுரையின் கதவு ஒன்று வேறொரு வகையிலும் மூடியிருந்தது. குலசேகர பாண்டியன் மாண்டபின் அவன் மக்கள் சுந்தரனும் வீரனும் அரியணைக்காகப் போரிட்டனர். வீடு இரண்டுபட்டபோது வெளியார் உள்ளே நுழைந்தனர். 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரையை அடைந்தது. பின்னர் மதுரையில் சுல்தான்கள் ஆட்சி அமைந்தது. அக்காலத்தில் மூலத் திருமேனியை மறைத்துக் கருவறையைச் சுவர் எடுத்து அடைத்தனர் என்றும், விசயநகர இளவரசன் குமார கம்பணன் வந்து திறந்தபோது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சாத்திய சந்தனம் உலராதிருந்தது என்றும் மதுரைக் கோயில் வரலாறு கூறும். நெடுங்காலம் எரிந்த விளக்கை நம்புவார் நம்புக. நம்பாதவரும் ஒன்றை ஒப்புவர்: சுவர் எழுப்பி மறைத்த அந்தச் சிலர், பெயர் எழுதாத அந்தச் சிலர், உயிரைப் பணயம் வைத்து அது செய்தனர்.

மதுரை மீண்டது, ஆனால் பாண்டியருக்கு மீளவில்லை. பழம்பெருநகரை இழந்து தெற்கே ஒதுங்கிய அக்குலத்தில் வந்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். 1422 முதல் 1463 வரை ஆண்டவன். சிவகாசிக்கு அவன் புதியவன் அல்லன். காசியிலிருந்து சிவலிங்கத்தை எடுத்து வந்தபோது, வில்வ மரங்கள் நிறைந்த இவ்விடத்தில் தங்கினான். புறப்படும் வேளையில், லிங்கத்தைச் சுமந்த பசு அடியெடுத்து வைக்க மறுத்தது. இறைவன் உள்ளம் இதுவென உணர்ந்து இங்கேயே நிறுவினான். ஊர் சிவகாசி ஆயிற்று. இது தல வரலாறு. பசு நகர மறுத்ததனால் ஓர் ஊர் பிறந்தது. நம் நாட்டு நகரங்களுள் படை நடந்து பிறந்தவை பல. ஒரு பசு நின்று பிறந்தது இது.

பின்னர் சித்திரா நதிக்கரையில், குற்றால மலையின் அடிவாரத்தில், அவன் எடுத்தது தென்காசிக் கோயில். 1446-இல் திருப்பணி தொடங்கிற்று. 1457-இல் இராசகோபுரத்துக்கு அடிக்கல் இட்டான். ஒன்பது நிலைக் கோபுரம். அதன் நிறைவைக் காண அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. தம்பி குலசேகரன் அப்பணியை ஏற்று முடித்தான்.

நாட்டைப் பெருக்க இயலாத மன்னன் கோயிலைப் பெருக்கினான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவன் கல்லில் வெட்டுவித்த பாடல்களைப் படித்தவர் அவ்வாறு சொல்லார். கல்வெட்டு என்றால் மன்னர் எழுதுவது என்ன? எத்தனை நாடு வென்றேன், எத்தனை முடி பறித்தேன், எத்தனை ஊர் எரித்தேன் என்னும் மெய்க்கீர்த்தி. பராக்கிரமன் எழுதுவித்தது வேறு. இக்கோயில் தெய்வத்தின் செயலால் அமைந்தது; தன் செயல் அன்று என்றான். பிற்காலத்தில் இந்த ஆலயத்துக்கு எதிர்பாராத குறை ஏதேனும் நேரக்கூடும். அப்போது வந்து அக்குறையை நீக்கிக் காப்பவர் எவராயினும், உலகம் அறிய அவர்களைப் பணிந்தேன் என்றான். இதனை விரிவு செய்து காப்பவரின் அடியில் வீழ்ந்து ஏவல் செய்வேன் என்றும் சொன்னான்.

எவராயினும் என்ற சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். என் மகன், என் குலத்தான், என் மதத்தான், என் நாட்டான் என்று வரம்பு கட்டவில்லை. இன்னும் பிறவாத ஒருவனை, பெயர் அறியாத ஒருவனை நோக்கி, முடி சூடிய தலை கவிழ்கின்றது. தங்காலில் ஒரு பாண்டியன், தான் தவறு செய்த ஏழையின் முன் வீழ்ந்தான். தென்காசியில் மற்றொரு பாண்டியன், தான் காணப்போகாத தொண்டனின் முன் வீழ்ந்தான். இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்தும் அக்குலம் அந்தப் பணிவை மறக்கவில்லை. மதுரையை இழந்த குலம் இதனை இழக்கவில்லை.

கொடையாளர் பலர் அமர்ந்துள்ள அவையாதலின், கொடையைப் பற்றியும் ஒரு சொல். தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் நிறைவேற்றிய இராசராசன், தான் கொடுத்ததை மட்டும் எழுதச் சொல்லவில்லை. தமக்கை குந்தவை கொடுத்தவையும், தேவியர் கொடுத்தவையும், மற்றவர் கொடுத்தவையும் ஒருசேரக் கல்லில் வெட்டுக என்றான். அதே சுவர்களில் தச்சர் தலைவனின் பெயர் உண்டு; கோயிலில் ஆடிய நானூறு பெண்டிரின் பெயர் ஒவ்வொன்றும் உண்டு; நாவிதரின் பெயரும் உண்டு. அக்காலத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டின், 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவர். இடையர் அவற்றை வளர்த்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பர். ஆடு சாகும், குட்டி ஈனும்; எண்ணிக்கை குறையாது. ஆதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். கொடுத்தவன் ஒரு நாள் கொடுத்தான். நெய் அளந்த இடையன் நாளும் கொடுத்தான். இக்காலத்தில் குழல்விளக்கு ஒன்றைக் கொடுத்து, ஒளி வெளியே வராத அளவுக்கு அதன்மேல் பெயரை எழுதுவதும் உண்டு. அந்தப் பெயரின் இடுக்கு வழியே கசியும் ஒளியிலும் பெருமான் தெரியத்தான் செய்கிறான். அது அவன் கருணை.

பராக்கிரமன் அஞ்சிய எதிர்பாராத குறை தென்காசிக்கு வந்தே விட்டது. இடியும் தீயும் கோபுரத்தைச் சிதைத்தன. மேல்நிலைகள் அழிந்தன, நின்ற பகுதி பிளந்தது. தலைமுறை தலைமுறையாகத் தென்காசி மக்கள் அதனை மொட்டைக் கோபுரம் என்றே அறிந்தனர். குழந்தைகள் கோபுரம் என்றால் அப்படித்தான் பிளந்து நிற்கும் என எண்ணி வளர்ந்தனர். பாண்டியர் குலத்தில் அதனைக் கட்ட எவரும் எஞ்சியிருக்கவில்லை. கட்டுவதற்குப் படையும் இல்லை, அரசுரிமையும் இல்லை. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியால், ஊர்தோறும் மக்கள் நல்கிய பொருளால், ஒன்பது நிலைகளும் புதிதாக எழுந்தன. 1990-ஆம் ஆண்டு குடமுழுக்கு நிகழ்ந்தது. சிமிட்டி சுமந்த சிற்றாளும், சாரம் கட்டிய தொழிலாளியும், ஒரு ரூபாய் உண்டியலில் இட்ட கிழவியும், ஐந்து நூற்றாண்டுக்கு முன் ஓர் அரசன் வணங்கிவைத்த அந்த ‘எவராயினும்’ என்ற சொல்லுக்குள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்தக் கல்வெட்டைப் படித்தவர் அல்லர்.

நாரணாபுரத்துக் கலசத்தில் ஊற்றிய நீர் இன்னும் உலரவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் பாலாலயம் செய்ய வேண்டிவரும். அதற்குள் மழைநீர் ஒழுகும் இடம் ஒன்று தெரியவரும். சுதைச் சிற்பத்தில் விரல் ஒன்று உடையும். மடைப்பள்ளிக்கு அரிசி குறையும் நாள் ஒன்று வரும். அன்று ஏணி எடுத்து ஏறுபவர் இப்பொழுது இந்தப் பந்தலில் தாய் மடியில் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

தென்காசிக்குச் செல்லும் அன்பர்கள் கோபுர வாயிலில் ஒரு கணம் நிற்பர். நிற்க வைப்பது காற்று. குற்றால மலையிலிருந்து இறங்கும் காற்று அந்த வாயிலில் புகுந்து, மேலாடையைப் பறித்துக்கொண்டு போகும் வேகத்தில் வீசும். ஒரு கையால் துண்டைப் பற்றிக்கொண்டு, மறு கையால் கல்லைத் தடவிப் பார்த்தால், பராக்கிரமன் பணிந்து நிற்கும் எழுத்துகள் விரலில் தட்டுப்படும்.